கோரம்

முதல் கூட்டத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள்.
ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

முல்லைத்தீவில் இரண்டு நாள் பயிற்சி முடித்து
மஞ்சள் கோவையோடு திரும்பியிருந்தேன்.
பொதுநோக்கு மண்டபத்தில் நாற்பது கதிரைகளை
வகுப்பறை மாதிரி அடுக்கி
முன்னால் நின்று,
முப்பத்தெட்டு வெறுங்கதிரைகளுக்கு
சனநாயகம் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தினேன்.

"கோரம் காணாது பிள்ளை" என்றார் விதானையார்.
"யாப்பின்படி பதினைந்து பேர் வேணும்."
அந்தச் சொல்லை இந்த மண்ணில்
வேறு கணக்குக்கு வைத்திருந்தோம்.
இப்போது அதற்கு ஓர் எண்.
பதினைந்து. உயிரோடு, கதிரையில்.

பிறகு கோவையை வீட்டில் வைத்துவிட்டுப்
படலை படலையாய்ப் போனேன்.
கேட்கப் போய், நானே கதைத்துவிட்டு வந்த வீடுகள் ஆறு.
ஏழாவதில் தவறஞ்சினி கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாள்.
ஒரு குவியலை என் பக்கம் தள்ளினாள்.
கைக்கு வேலை வந்ததும் வாய் அடங்கியது.

"புதன்கிழமையில ஆரும் கூட்டம் வைப்பினமோ?
புதனில லோன்காரன் வருவான்.
அவன்ர மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால்
அரைவாசிச் சனம் காட்டுக்கை, விறகுக்கு."

செபமாலை அண்ணர் பெயர் தரமாட்டேன் என்றார்.
இதற்கு முன் அவர் பெயரைக் கேட்டு எழுதியவர்கள்
எல்லாரும் ஏதோ ஒரு சீருடையில் வந்தவர்கள்.
கொப்பியை அவரிடமே கொடுத்தேன்:
நீங்களே எழுதுங்கோ, நீங்களே வைத்திருங்கோ.
உரப்பை ஒன்றில் சுற்றி
முகட்டு வளையில் செருகினார்.
அவர் பெயர் அதில் ஏற
மேலும் மூன்று கிழமை எடுத்தது.

மண்ணில் ஊரைக் கீறிப் பார்த்தோம்:
கோயில், குளக்கட்டு, சங்கக்கடை, ஆமிக் காணி.
என் தடி வாய்க்காலோடு நின்றது.
தவறஞ்சினி தடியை வாங்கி
இன்னும் நாலு முழம் இழுத்தாள்.
அங்கே பத்தொன்பது வீடு.
எழுபத்தேழில் மலையிலிருந்து அடிபட்டு வந்து
காடு வெட்டிய சனம்.
அந்தப் படலைகளுக்கு நான் போகவே இல்லை.
யோசித்துப் போகாமல் விட்டேன் என்றாலாவது
ஒரு நியாயம் சொல்லலாம்.

ஞாயிறு. கதிரைகள் வட்டமாய்.
என்னோடு இருபத்தாறு.

செவ்வாய்தோறும் பிரதேச சபைப் பவுசர் வந்து
மண்டபத்தடிக் கறுப்புத் தாங்கியை நிரப்பும்.
இரண்டாம் முறையும் வரக் கேட்பது என் பிரேரணை.
மாரியாயி இருந்தபடியே சொன்னாள்:
"ஊருத் தாங்கின்னு சொல்றீங்க.
எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி. நல்ல தண்ணிதான் குடிக்கணும்.
ஒரு கொடத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கிறேன்.
அத மதகடிக்கு மாத்திட்டா
எல்லாருக்கும் பாதிப் பாதி."

நான் காரணங்கள் சொன்னேன்.
அடித்தளம் சீமெந்துபோட்டுக் கிடக்கு,
மதகடியில் பவுசர் திரும்ப இடமில்லை,
செயலாளருக்குக் கடிதம் வேணும்.
எல்லாம் உண்மையான காரணங்கள்.
மண்டபத்தடியில் இருந்து என் படலை
இருபது எட்டு என்பதைமட்டும் சொல்லவில்லை.
சொல்லவேண்டியும் இருக்கவில்லை. எல்லாரும் படலையைப் பார்த்தார்கள்.

கைகள் உயர்ந்தன.
ஆதரவு பதினெட்டு. எதிர்ப்பு ஏழு.
விதானையார் நடுநிலை.
கூட்டக் குறிப்பு எழுதுவது நான்.
'ஏழு' என்று எழுத இவ்வளவு நேரமா எடுக்கும்?
தோற்றதைத் தன் கையால் பிழையில்லாமல் எழுதுவதுபற்றிப்
பயிற்சியில் ஒருவரும் சொல்லித்தரவில்லை.
அல்லது நான் தேத்தண்ணிக்கு
எழும்பிப்போன நேரத்தில் சொல்லியிருப்பார்கள்.

இன்றைக்குச் செவ்வாய்.
மதகடிக்கு அறுநூற்றுப் பத்து எட்டு. எண்ணிக்கொண்டு வந்தேன்.
மாரியாயி நிறைகுடத்தோடு எதிரே வந்தாள்.
"தாங்கிக்கு மூடியக் காணோம்" என்றாள்.
குரங்கு கழற்றியிருக்கும். அதையும் எழுத வேணும்.
கொப்பி செபமாலை அண்ணரிடம்.
கேட்டால் உடனே தரமாட்டார்:
எத்தனை பேர் சொன்னது என்று கேட்பார்.